குடத்துக்கு என்ன விலை? - புத்தூர்ப் பக்கத்துத் தண்ணீர்க் கணக்கு

புத்தூர் என்றால் எந்தப் புத்தூர் என்று கேட்பீர்கள். தமிழ் பேசுகிற இடமெல்லாம் ஒரு புத்தூர் இருக்கிறது. நான் சொல்வது எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற புத்தூர். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகிற ரயில் பாதையில், நகரி மலை தெரிகிற இடம். சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. கடைவீதியில் ஒரே ஆள் பாதி வாக்கியம் தெலுங்கிலும் மீதி தமிழிலும் பேசுவார், யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் குடிக்கிற தண்ணீருக்கு யார், யாருக்கு, எப்படிக் காசு கொடுத்தார்கள் என்பதுதான் இன்றைய விஷயம். "அந்தக் காலத்துல தண்ணிக்கு யாரு காசு குடுத்தா?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய வருவாய்க் கணக்குகள் வேறு கதை சொல்கின்றன.

ஏரித் தண்ணீரை மடை திறந்து வயலுக்கு விட ஊரில் ஒரு ஆள் உண்டு. தெலுங்கில் நீருகண்டி என்பார்கள், தமிழில் நீர்க்கட்டி. அவருக்குச் சம்பளம் கிடையாது. அறுவடைக் களத்தில் நெல்லை அளக்கும்போதே அவர் பங்கைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அதன் பெயர் மேரை. ஏரியோ கிணறோ வெட்டிக் கொடுத்தவருக்கு அல்லது அதைப் பராமரித்தவருக்கு, அந்தப் பாசனத்தில் வருகிற வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் நிலமோ வரிக்கழிவோ கொடுப்பதும் இருந்தது. அது தசபந்தம். ராயலசீமையிலும் வட ஆர்க்காட்டிலும் தசபந்த மானியங்கள் ஏராளம். 1858ல் இனாம் கமிஷன் உட்கார்ந்து மானியங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது இவையும் கணக்கில் வந்தன. ஆக, தண்ணீருக்கு பில் இருந்தது. அது நெல்லாக இருந்தது, அவ்வளவுதான்.

கவனியுங்கள், இதெல்லாம் பாசனத் தண்ணீர். குடிதண்ணீருக்குத் தனி ஆளும் கிடையாது, மேரையும் கிடையாது. அது தர்மக் கணக்கில் இருந்தது. யாராவது புண்ணியத்துக்குக் கிணறு வெட்டுவார்கள், ஜமீன் குளம் கட்டும் (கார்வேட்டிநகரில் வேணுகோபால சுவாமி கோயில் பக்கத்துக் கல் குளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்), வெயில் காலத்தில் தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள். தெலுங்கில் சலிவேந்திரம். அதில் ஒரு சிக்கல். தர்மமாக வருவதைக் கேட்டு வாங்க முடியாது. கிணறு தூர்ந்து போனால் யாரிடம் போய் முறையிடுவது?

இன்னொரு பெரிய சிக்கல், அந்தக் கிணற்றில் யார் கயிறு விடலாம் என்பது. சேரியிலிருந்து வருகிற பெண் குடத்தைத் தூரத்தில் வைத்துவிட்டு, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். காசு வாங்கவில்லைதான். காத்திருப்பையும் அவமானத்தையும் வாங்கிக்கொண்டார்கள். "அந்தக் காலத்தில் தண்ணீர் இலவசம்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரும்.

சர்க்கார் பணம் கிணற்றுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். 1871ல் சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டம், 1884ல் உள்ளாட்சி வாரியச் சட்டம். நிலத்தின் மதிப்பில் ரூபாய்க்கு ஒரு அணா வரை தீர்வையோடு சேர்த்து செஸ் வசூலித்தார்கள். சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கிணறு எல்லாம் அதிலிருந்துதான். 1871 சட்டத்தில் வீட்டு வரியும் இருந்தது. ஜனங்கள் போட்ட கூச்சலில் அதைச் சீக்கிரமே கைவிட்டார்கள். 1884ல் 'யூனியன்' என்று சில ஊர்களைச் சேர்த்து அமைத்தபோது வீட்டு வரி மறுபடி உள்ளே வந்தது, இன்று வரை போகவில்லை. :-)

வரி போட்டதில் எதிர்பாராத ஒரு நல்லது நடந்தது. பொதுப் பணத்தில் வெட்டிய கிணறு என்று ஆனவுடன், "அப்படியானால் அது எங்களுக்கும் சொந்தம்" என்று கேட்க ஒரு பிடி கிடைத்தது. 1924ல் சென்னை சட்டசபையில் ஆர். வீரய்யன் கொண்டுவந்த தீர்மானம் அதைத்தான் கேட்டது. பொதுச் சாலை, கிணறு, குளம் எதையும் யாரும் பயன்படுத்தலாம் என்று அரசு அதே வருடம் உத்தரவு போட்டது. மூன்று வருடம் கழித்து 1927ல் மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கினார். அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவில் கிணறு, குளம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள், அதிலும் 'முழுவதுமாகவோ பகுதியாகவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும்' என்ற அளவுகோலோடு. பொதுப் பணம் என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலம். உத்தரவு கிராமத்துக்கு வந்து சேர எத்தனை காலம் ஆனது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

1953ல் ஆந்திரா தனி மாநிலம் ஆனது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, புத்தூர் அந்தப் பக்கமே நின்றது. (ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம் பற்றி எழுத ஆரம்பித்தால் பதிவு முடியாது.) அதுவரை ஒரே ஜில்லா போர்டு. அப்புறம் அந்தப் பக்கம் பஞ்சாயத்து ராஜ் இன்ஜினியரிங் துறை, இந்தப் பக்கம் 1971ல் வந்த குடிநீர் வடிகால் வாரியம். நிலத்தடிப் பாறைக்கு இந்த எல்லை எதுவும் தெரியாது.

பாறை என்றதும் 'போரிங்'. எங்கள் பக்கம் அடிபம்புக்குப் பெயரே போரிங்தான். 1960களின் பஞ்சத்துக்குப் பிறகு யூனிசெஃப் கொண்டுவந்த துளைபோடும் இயந்திரங்களால் கருங்கல்லைக் குடைய முடிந்தது. ஆனால் மேலே வைத்த வார்ப்பிரும்பு பம்பு ஒரு வீட்டுக்கு உண்டான பம்பு. அதை ஊரே நாள் முழுக்க அடித்தால் என்ன ஆகும்? உடைந்தது. 1970களில் யூனிசெஃப், சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலை, மத்திய ஆராய்ச்சிக்கூடம் எல்லோருமாகச் சேர்ந்து இந்தியா மார்க் 2 பம்பை உருவாக்கினார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வைத்துச் சோதித்தார்கள். பிறகு அது உலகம் முழுக்கப் போனது. ஆப்பிரிக்காவில் எடுத்த ஏதோ ஒரு புகைப்படத்தில் அந்தச் சதுரத் தலையையும் நீளக் கைப்பிடியையும் பார்த்ததும் "அட, நம்ம போரிங்!" என்று எனக்குத் தோன்றியது. மத்திய அரசு 1972-73ல் ஆரம்பித்த துரித கிராமக் குடிநீர்த் திட்டத்தின் அளவு இதுதான்: 250 பேருக்கு ஒரு பம்பு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர், 1.6 கிலோமீட்டருக்குள். இதற்கு பில் கிடையாது. கை வலிதான் பில்.

பில் வந்தது கரண்டோடு. போரில் மோட்டார் இறக்கி, ஓவர்ஹெட் டேங்க் கட்டி, தெருவுக்கு நாலு குழாய் வைத்தார்கள். ரக்ஷித மஞ்சிநீட்டிப் பதகம், பாதுகாக்கப்பட்ட குடிநீர்த் திட்டம் என்று டேங்கில் எழுதியிருப்பார்கள். வசதி உள்ளவர்கள் வீட்டுக்குள் குழாய் இழுத்துக்கொண்டார்கள். பஞ்சாயத்து ரசீதில் 'இன்ட்டி பன்னு' (வீட்டு வரி) பக்கத்தில் 'குளாயி பன்னு' சேர்ந்தது. மீட்டர் எதுவும் இல்லை, குழாய்க்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை. தெருக்குழாயில் பிடிக்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். (தொழில் புத்தி, விடாது.) 1000 பேர் இருக்கிற கிராமம், 250 வீடு. ஆளுக்கு 55 லிட்டர், இதுதான் இன்றைய அரசு அளவு. நாளைக்கு 55,000 லிட்டர். போரின் ஆழம், டேங்கின் உயரம் எல்லாம் சேர்த்து 150 மீட்டர் தூக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதம் திறமையோடு ஓடினால் நாளைக்கு 56 யூனிட், மாதம் கிட்டத்தட்ட 1,690 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் மாதம் பத்தாயிரத்துக்கு மேல். வீட்டுக்கு 30 ரூபாய் வசூல் என்று வைத்தால், எல்லா வீடும் கட்டினாலும் 7,500. கரண்ட் பில்லுக்கே போதவில்லை. வாட்டர்மேன் சம்பளம், குளோரின், எரிந்துபோன மோட்டாரின் காயில், உடைந்த பைப் எல்லாம் அதற்கு மேல். நீர்மட்டம் இறங்க இறங்க இந்த பில் ஏறிக்கொண்டே போகும்.

நீர்மட்டம் ஏன் இறங்கியது? பக்கத்து வயலில் உள்ள போரால். ஆந்திராவில் 1980களில் விவசாயப் பம்புக்குக் குதிரைசக்தி கணக்கில் குறைந்த கட்டணம் வந்தது, 2004ல் இலவசமே ஆனது. ஆனால் பஞ்சாயத்தின் குடிநீர் மோட்டார் தெருவிளக்கோடு சேர்த்து ஒரு தனிக் கட்டணப் பிரிவு. அதற்கு பில் உண்டு. ஒரே பாறை, ஒரே தண்ணீர். கரும்புக்கு எடுத்தால் கரண்ட் இலவசம், குடிக்க எடுத்தால் காசு! விவசாயிக்குக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. குடிநீரைக் காப்பாற்ற 1996ல் ஒரு சட்டம், 2002ல் வால்டா சட்டம் என்று போட்டார்கள். பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 250 மீட்டருக்குள் அனுமதியில்லாமல் புது போர் போடக்கூடாது. ராத்திரி வண்டி வந்து விடிவதற்குள் துளை போட்டுவிட்டுப் போகிற ஊரில் யார் போய் டேப் வைத்து அளப்பது?

நான் இப்போது இருக்கும் ஊரில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தண்ணீர் பில் வருகிறது. இத்தனை கன மீட்டர், இத்தனை காசு, கழிவுநீருக்கு இத்தனை என்று வரிவரியாக. பேசாமல் கட்டிவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் கட்டமாட்டேன் என்கிறார்கள், அதனால்தான் தண்ணீர் வரவில்லை என்று ஒரு நண்பர் வாதம் செய்தார். 1999ல் சீர்திருத்தத் திட்டம், 2002 டிசம்பரில் வாஜ்பாய் காலத்து ஸ்வஜல்தாரா எல்லாம் இதே எண்ணத்தில் வந்தவைதான். கட்டுமானச் செலவில் 10 சதவீதம் கிராமத்தார் போட வேண்டும், பராமரிப்பு முழுவதும் அவர்கள் பொறுப்பு. அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பட்டணத்துக்காரர் எந்தக் காலத்தில் கட்டுமானச் செலவில் 10 சதவீதம் கட்டினார்? சென்னைக்கு 1996ல் கிருஷ்ணா தண்ணீர் வந்ததே, அந்தக் கால்வாய்க்கு மயிலாப்பூர்க்காரர் வீட்டுக்கு வீடு பங்கு போட்டாரா?

அதோடு, ஜனங்கள் கட்டமாட்டார்கள் என்பதும் உண்மையில்லை. 2014 அக்டோபர் 2ஆம் தேதி ஆந்திர அரசு என்.டி.ஆர். சுஜலா திட்டத்தை ஆரம்பித்தது. சுத்திகரித்த தண்ணீர், 20 லிட்டர் கேன் 2 ரூபாய். அதற்கு முன்பே தனியார் பிளான்ட்டுகள் இன்னும் கூடுதல் விலையில் விற்றுக்கொண்டிருந்தன. ஜனங்கள் வாங்கினார்கள். தினம் ஒரு கேன் என்றால் மாதம் 600 லிட்டருக்கு 60 ரூபாய். குழாயில் 5 பேர் வீட்டுக்கு மாதம் 8,250 லிட்டர் வர வேண்டும், அதற்கு 30 ரூபாய் கட்டத் தகராறு. ஆயிரம் லிட்டருக்கு ஒன்று 100 ரூபாய், இன்னொன்று 4 ரூபாய்கூட இல்லை. விலையா பிரச்சினை? கேன் கையில் இருக்கிறது, உப்புக் கரிக்காது, காசு கொடுத்த உடனே தண்ணீர். குழாயில் எப்போது வரும், வருமா, என்ன நிறத்தில் வரும் என்று தெரியாது. வராத தண்ணீருக்கு வரி கேட்டால் யார்தான் கட்டுவார்? நானும் கட்ட மாட்டேன். ஆனால் கேன் வாங்க முடியாதவர் அதே குழாயைத்தான் நம்பியிருக்கிறார். சர்பஞ்ச் வீட்டிலும் கேன் வந்துவிட்டால் குழாயைப் பற்றிச் சண்டை போட ஊரில் ஆள் குறைந்துவிடும்.

2019 ஆகஸ்ட் 15ல் ஜல் ஜீவன் மிஷன் அறிவித்தார்கள். வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு 55 லிட்டர். அப்போது நாட்டில் 3.23 கோடி கிராம வீடுகளுக்குத்தான் குழாய் இருந்தது, 2025ல் 15 கோடிக்கு மேல் இருந்தது. 2024ல் முடிக்க வேண்டியதை 2028 வரை நீட்டித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் குழாயும் நீல நிறத் தண்டும் வாசலுக்கு வந்துவிட்டன, மறுக்கவில்லை. மாதாந்திரச் செலவு மட்டும் பஞ்சாயத்தின் தலையில்தான். அதற்கென்று 15ஆவது நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியைக் குடிநீருக்கே ஒதுக்கியிருந்தார்கள். 2021ல் என்ன நடந்தது? பஞ்சாயத்துகளுக்கு வந்த நிதிக்குழுப் பணத்தை மின்சார பாக்கிக்கு என்று ஆந்திர அரசு ஈடு செய்துகொண்டது. கணக்கைத் திறந்து பார்த்த சர்பஞ்சுகள் தெருவில் இறங்கினார்கள். பல வருட பாக்கி என்றது அரசு. எங்களைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்றார்கள் அவர்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்பதுதான் வேடிக்கை. 73ஆவது திருத்தத்தின் 11ஆவது அட்டவணையில் குடிநீர் பஞ்சாயத்தின் வேலை என்று இருக்கிறது. வேலையைக் கொடுத்தார்கள், கரண்ட் பில்லைக் கொடுத்தார்கள், வருமானத்தைக் கொடுக்கவில்லை.

இந்தப் பாக்கியில் எப்போதும் கடைசியில் நிற்பவர் வாட்டர்மேன். விடியற்காலையில் வால்வு திருப்புகிறவர், மோட்டார் எரிந்தால் முதல் திட்டு வாங்குகிறவர். மின்வாரியம் பாக்கிக்கு இணைப்பைத் துண்டிக்கலாம், அவரால் எதைத் துண்டிக்க முடியும்? வால்வை மூடினால் மூடுவது தன் சொந்தத் தெருவுக்கும்தான். பழைய நீர்க்கட்டியாவது மேரையைக் களத்திலேயே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கண்டலேறு கால்வாய் சென்னைக்குப் போகிற வழியில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு என்ன விட்டது, என்ன விடவில்லை என்பதையும், காலேறு-நகரி திட்டம் பெயரில் நகரியை வைத்துக்கொண்டு இன்னும் வந்து சேராத கதையையும் அடுத்த பதிவில் எழுதுகிறேன். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊரில் குளாயி பன்னு இப்போது எவ்வளவு, ரசீது கொடுக்கிறார்களா என்று சொல்லிவிட்டுப் போங்கள்.