காய்க்க மறுத்த ஐந்து செடிகள்

1712-ம் ஆண்டு சிலி கடற்கரையில் வந்திறங்கினார் அமெடே ஃபிரான்சுவா ஃபிரெசியே. பிரெஞ்சு ராணுவப் பொறியாளரான அவர் வணிகர் வேடத்தில் ஸ்பானியர்களின் கோட்டைகளை உளவு பார்க்க வந்தவர். கன்செப்சியான் நகரில் அவரை மலைக்க வைத்தது ஒரு பழம். அது, அந்த மண்ணின் பூர்வகுடிகளான மபூச்சே மக்கள் காலங்காலமாகப் பயிரிட்டுவந்த ஸ்ட்ராபெரி. ஐரோப்பியக் காட்டு ஸ்ட்ராபெரி விரல்நுனி அளவுதான். இதுவோ வால்நட் அளவு, சில பழங்கள் கோழிமுட்டை அளவு!

1714-ல் ஊர் திரும்பியபோது சில செடிகளைக் கப்பலில் ஏற்றினார். குடிநீருக்கே தட்டுப்பாடான ஆறு மாதப் பயணம். பிழைத்தவை ஐந்து. செடிகளுக்குத் தண்ணீர் தர இசைந்த சரக்கு அதிகாரிக்கு இரண்டைக் கொடுத்தார். ஒன்று பாரிஸ் அரச தோட்டத்துக்குப் போனது.

செடிகள் தழைத்தன, பூத்தன. ஆனால், காய்க்கவில்லை.

ஸ்ட்ராபெரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே விதைபோல ஒட்டியிருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிக் கனி. நாம் சுவைக்கும் சதை, பூவின் அடித்தளம் பருத்து உருவானது. மகரந்தம் சேர்ந்த புள்ளியைச் சுற்றித்தான் சதை பருக்கும். சேராத இடம் சூம்பிப்போகும். சிலி இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நல்ல பழம் தந்த செடிகளாகப் பொறுக்கியதால், ஃபிரெசியே கொண்டுவந்தவை பெண் செடிகளாகவே அமைந்துவிட்டன. ஓடுதண்டில் முளைத்த கன்றுகளும் தாயைப் போலவே பெண்கள்தான்.

விடை கண்டவர் ஓர் இளைஞர், அந்துவான் நிக்கோலா துஷேன். 1764-ல், சிலியின் பெண் பூவுக்கு வேறோர் ஐரோப்பிய இனத்தின் மகரந்தத்தைச் சேர்த்தார். பெரிய பழங்கள் திரண்டன. பழங்கள் தொங்கிய அந்தத் தொட்டிச் செடியை மன்னர் பதினைந்தாம் லூயியிடமே கொண்டுபோய்க் காட்டினார்.

1766-ல் வெளியிட்ட நூலில் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தார். ஐரோப்பியத் தோட்டங்களில் அப்போது பரவிவந்த 'அன்னாசி ஸ்ட்ராபெரி', சிலி இனமும் வட அமெரிக்காவின் வர்ஜீனியா இனமும் கலந்து பிறந்தது என்றார். இரண்டுக்குமே குரோமோசோம்கள் 56. அதனால் கலப்பினமும் தடையின்றி வம்சம் வளர்த்தது. ஐரோப்பியக் காட்டு இனத்துக்கோ 14 மட்டுமே.

இன்று உலகச் சந்தைகளில் விற்கும் ஸ்ட்ராபெரி பெரும்பாலும் அந்தக் கலப்பின் வாரிசுதான். செடியைக் கொண்டுவந்த ஃபிரெசியேவும் புதிரை விடுவித்த துஷேனும் பெயரோடு வரலாற்றில் நிற்கிறார்கள். பெரிய பழத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்த்த மபூச்சே உழவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. ஸ்ட்ராபெரியின் வரலாற்றில் முதல் மரியாதை அவர்களுக்கே உரியது.