பாசுரத்தைத் தளிகை செய்தவர்கள்

மார்கழி 27ஆம் நாள் விடிவதற்கு முன்பே தாமிரபரணிக் கரை ஆழ்வார்திருநகரியின் மாடவீதி வீடுகளில் வெண்கலப் பானை அடுப்பேறிவிடும். பச்சரிசியையும் கொஞ்சம் பயத்தம்பருப்பையும் சிவக்காமல் வறுத்து, களைந்து பாலில் போட வேண்டும். பால் சுண்டச் சுண்ட மறுபடி பால் விட்டு, கரண்டியை எடுக்காமல் கிளற வேண்டும். அடி பிடித்தால் போச்சு, அந்தத் தீய்ந்த வாசனையை எந்த ஏலக்காயும் மறைக்காது. "சாதம் நன்னாக் குழையறதுக்கு முன்னாடி வெல்லத்தப் போட்டுடாதேடி" என்று மாமியாரோ பாட்டியோ கூடத்திலிருந்தே குரல் கொடுப்பார்கள். அந்த அதட்டலில் விஷயம் இருக்கிறது. வெல்லம் சேர்ந்த பிறகு அரிசி மேற்கொண்டு குழையாது. கொதிக்கிற பாலில் வெல்லப்பாகை ஊற்றினால் பால் திரிந்துபோகவும் கூடும்.

அன்றைக்குக் கூடாரவல்லி. ஆண்டாளின் திருப்பாவையில் 27ஆம் பாசுரத்தின் முதல் சொற்களே மருவி அந்த நாளுக்குப் பெயராகிவிட்டன. நோன்பு தொடங்கும் இரண்டாம் பாசுரத்தில் நெய்யும் பாலும் வேண்டாம் என்று ஒதுக்கிய பெண்கள், இந்தப் பாசுரத்தில் நகை பூட்டி, புத்தாடை உடுத்தி, முழங்கை வரை நெய் ஒழுகும் பால்சோற்றைக் கூடியிருந்து உண்ணப்போவதாகச் சொல்கிறார்கள். படித்ததோடு நிற்காமல் அதைச் சமைத்தும் பார்க்கிறது வைணவ வீடு.

புத்தகத்தில் வரும் பண்டத்தை வீட்டில் செய்துபார்க்கும் ஆசையை இந்தக் காலத்து வாசகர்களின் விளையாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஹாரி பாட்டர் கதைகளில் வரும் 'பட்டர்பீர்' 2010இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ கேளிக்கைப் பூங்காவில் கோப்பையில் ஊற்றி விற்பனைக்கு வந்தது. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் வரும் விருந்துகளுக்காக 2012இல் ஒரு சமையல் புத்தகமே வெளியானது. தாமிரபரணிக் கரையில் இந்த வேலை பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. இங்கே அதைச் செய்கிறவர்கள் யாரும் தங்களை ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. கூடாரவல்லிப் பானையில் வேகும் அக்காரவடிசல் திருப்பாவையில் இல்லவே இல்லை. அங்கே இருப்பது பால், சோறு, நெய் மூன்றும்தான். வெல்லத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அக்காரவடிசல் வருவது ஆண்டாளின் இன்னொரு நூலான நாச்சியார் திருமொழியில். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசலும் தருவதாக அவள் நேர்ந்துகொள்கிறாள். தடா என்றால் சின்னப் பாத்திரம் இல்லை, பெரிய மிடா. கோயில் மடைப்பள்ளியே திணறும் அளவை ஒரு பெண் வாய்ச்சொல்லால் நேர்ந்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சொல்லைப் பானையில் ஏற்றியவர் ராமானுஜர். அவருடைய காலம் 1017 முதல் 1137 வரை என்பது சம்பிரதாயக் கணக்கு. நேர்ச்சை பாசுரத்தில் மட்டும் நிற்கிறதே என்று அவர் அழகர்கோயிலுக்குப் போய் நூறு தடா வெண்ணெயும் அக்காரவடிசலும் சமர்ப்பித்தார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, தன் வாக்கை நிறைவேற்றியவரை ஆண்டாள் அண்ணா என்று அழைத்தாள். அதனால் அவருக்குக் கோயில் அண்ணன் என்ற பெயர் வந்தது. வைணவ மரபு சொல்லும் கதை இது. ஆண்டாளுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர் ராமானுஜர், ஆனாலும் அவள் தங்கை, இவர் அண்ணன். கதையில் எது வரலாறு, எது பக்தி என்று பிரிப்பது கடினம். பாட்டில் சொன்ன உணவைச் சமைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் பழையது என்பதற்கு மட்டும் அது நல்ல சாட்சி.

சரி, பண்டத்தின் பெயர் மகளிடம் கிடைத்தது. சாமான் பட்டியல்? அது அவள் அப்பா பெரியாழ்வாரிடம் இருக்கிறது. பெரியாழ்வார் திருமொழியில் யசோதையிடம் ஓர் ஆய்ச்சி முறையிடுவதாக வரும் ஒரு பாசுரத்தில் செந்நெல்லரிசி, சிறுபருப்பு, காய்ச்சிய வெல்லம், மணமுள்ள நெய், பால் என்று ஐந்தும் வரிசையாக வருகின்றன. பன்னிரண்டு திருவோணத்துக்குச் சமைத்ததாகவும் அவள் சொல்கிறாள். அளவு மட்டும் இல்லை. ஆக, இன்று கூடாரவல்லி அன்று வேகும் பானையில் மூன்று பாட்டுகள் கலந்திருக்கின்றன: திருப்பாவையின் நாளும் நெய்யும், நாச்சியார் திருமொழியின் பெயர், பெரியாழ்வாரின் சாமான். அவர் பாடிய சீடையும் எள்ளுருண்டையும் ஸ்ரீஜயந்தி தோறும் வீடுகளில் உருள்வது தனிக்கதை.

இந்த இடத்தில் ஆழ்வார்திருநகரிக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களுக்கும் உரை எழுதியவர் பெரியவாச்சான் பிள்ளை. பெரியாழ்வார் திருமொழிக்கு அவர் எழுதியதில் ஏறக்குறைய முதல் 400 பாசுரங்களின் உரை செல்லரித்து அழிந்துபோனது. அழிந்த பகுதிக்குப் புதிதாக உரை எழுதிச் சேர்த்தவர் மணவாள மாமுனிகள், 1370இல் ஆழ்வார்திருநகரியில் பிறந்தவர். ஆய்ச்சியின் சாமான் பட்டியல் வரும் பாசுரமும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆதிநாதர் கோயில் இருக்கும் இந்த ஊரில் பிறந்த ஒருவரின் உரையை வைத்துத்தான் அந்தப் பட்டியலை இன்று வாசிக்கிறோம்.

பாட்டில் இல்லாத அளவு கல்லில் இருக்கிறது. ஆற்றின் மேல்பகுதியில், அம்பாசமுத்திரத்துச் சிவன் கோயிலில் 9ஆம் நூற்றாண்டு வரகுண பாண்டியனின் கல்வெட்டு உண்டு. 290 காசை முதலாகக் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல் வட்டியாக வாங்கி இறைவனுக்கு அமுது படைக்க ஏற்பாடு செய்தான். அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, கறிவகை, வெற்றிலை, பாக்கு என்று எல்லாவற்றுக்கும் அளவு வெட்டியிருக்கிறார்கள். கறிக்குப் போடும் காயம் என்பது மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி. மிளகாய் கிடையாது, அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே வந்துசேர இன்னும் 700 ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

அதே கப்பல்களில் வந்ததுதான் முந்திரியும். பிரேசில் மரம். நெய்யில் வறுத்த முந்திரி மிதக்காத அக்காரவடிசலை இன்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ஆண்டாளுக்கு முந்திரி என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. பெரியாழ்வாரின் செந்நெல்லும் இன்றைய பானையில் இல்லை. இப்போது இந்தப் பள்ளத்தாக்கின் வயல்களில் பரவலாக விளைவது, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 போன்ற ரகங்கள். குக்கரில் நாலு விசில் விட்டு, டின் பால் ஊற்றி அரை மணியில் இறக்கும் வீடுகளும் உண்டு. சுவை குறைவுதான். நெய் மட்டும் யார் வீட்டிலும் முழங்கையை எட்டுவதில்லை.

இத்தனை சாப்பாட்டுப் பேச்சுக்கு நடுவே ஊரின் ஆழ்வாரை நினைத்தால் சிரிப்பு வரும். நம்மாழ்வார் பிறந்தபோது பாலும் குடிக்கவில்லை, அழவும் இல்லை என்பது ஐதிகம். கோயிலுக்குள் இன்றும் நிற்கும் புளியமரத்தடியில் 16 ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தார். அவரைப் பேசவைத்தவர் பக்கத்து ஊரான திருக்கோளூரில் பிறந்த மதுரகவி. அவர் போட்ட புதிர்க் கேள்வியே சாப்பாட்டைப் பற்றியது: உயிரற்றதன் வயிற்றில் சிறியது பிறந்தால் எதைத் தின்னும், எங்கே கிடக்கும்? அதையே தின்னும், அங்கேயே கிடக்கும் என்று பதில் வந்தது.

அப்படி வாய் திறந்தவர் திருவாய்மொழியில் திருக்கோளூரைப் பாடும்போது உண்ணும் சோறு, குடிக்கும் நீர், மெல்லும் வெற்றிலை மூன்றையும் கண்ணன் என்றே சொல்லிவிட்டார். அந்தப் பாட்டின் ஊரைத் தேடி ராமானுஜர் வந்தபோது ஒரு பெண் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். ஏன் போகிறாய் என்று கேட்டார். அவல் கொடுத்த குசேலர், கனி வைத்திருந்த சபரி என்று அடியார்கள் 81 பேர் செய்ததைச் சொல்லி, இவர்களில் ஒருவரைப் போலவாவது நான் ஏதாவது செய்தேனா என்று அவள் திருப்பிக் கேட்டாள். ராமானுஜர் அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய், அவள் கையால் செய்த தளிகையை அமுதுசெய்தார் என்பார்கள். என்ன தளிகை என்று கதை சொல்லவில்லை.

ஆழ்வார் பட்டியலில் மூன்றாவதாக வந்த வெற்றிலைக்குச் சமையல் தேவையில்லை. இதே ஆற்றுத் தண்ணீரில், கடலை நோக்கிக் கொஞ்ச தூரம் போனால் வரும் ஆத்தூர்க் கொடிக்கால்களில் அது விளைகிறது. 2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.