ஆடப்படாத ஆட்டங்களும் வரலாற்று மாணவனும்

நிகழ்ந்தவற்றை ஆராய்வதே வரலாற்றாசிரியனின் பணி என்பர். ஆயின், நிகழவிருந்து நிகழாது போனவற்றைப் பற்றிய வினாக்களும் மனித மனத்தை விட்டு நீங்குவதில்லை. “அது தடைப்படாது இருந்திருப்பின் யாது நேர்ந்திருக்கும்?” என்னும் வினாவுக்கு வரலாறு விடை கூற வல்லதா? இவ்வினாவை அரசியலிலோ போரிலோ வைத்து ஆராய்வது எளிதன்று. விளையாட்டுத் துறையோ இதற்கு ஏற்ற களமாகும். அங்கே விதிகள் திட்டவட்டமானவை, பதிவேடுகள் துல்லியமானவை, ஆட்டம் எந்நாளில் தடைப்பட்டது என்பதும் ஐயத்துக்கிடமின்றி அறியப்பட்டது. ஆகவே, இடைநடுவில் நின்றுபோன விளையாட்டுப் பருவங்களை மேசையின்மேல் தாயக்கட்டைகளைக் கொண்டு ஆடி முடித்த முயற்சிகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் பாடசாலை மாணவர் பலரும் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். பாடநூலைக் கண்மூடித் திறந்து, இடப்பக்க எண்ணின் இறுதி இலக்கத்தை ஓட்டமாகக் கொள்ளும் ‘புத்தகக் கிரிக்கெட்’ அது. இடப்பக்க எண்கள் இரட்டை எண்களாதலின் 0, 2, 4, 6, 8 என ஐந்து முடிவுகளே உண்டு. பூச்சியம் வந்தால் ஆட்டமிழப்பு. இவ்வாட்டத்தில் அரவிந்த டி சில்வாவும் முத்தையா முரளிதரனும் ஒரே தரத்துத் துடுப்பாட்டக்காரரே. இருவரும் ஐந்து பந்துக்கு ஒரு முறை ஆட்டமிழக்கக்கூடியவர்கள். தற்செயல் இங்கு உண்டு, திறமைக்கு இடமில்லை.

இக்குறையை நீக்கும் வழியை அமெரிக்காவின் பேஸ்போல் இரசிகர்கள் கண்டனர். கிரிக்கெட்டைப் போன்றே எறிபவனுக்கும் அடிப்பவனுக்கும் இடையிலான போட்டியே பேஸ்போல். ஒரு பருவத்தில் ஒவ்வொரு கழகமும் 162 ஆட்டங்கள் ஆட, முடிவில் இரு சங்கங்களின் வெற்றியாளரும் ‘உலகத் தொடர்’ எனப்படும் இறுதிப் போட்டியில் மோதுவர். கணிதம் பயின்ற ஹால் ரிச்மன் என்பவர் ‘ஸ்ட்ராட்-ஓ-மற்றிக்’ என்னும் மேசை விளையாட்டை 1961இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். அதில் ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் அட்டை உண்டு. அவன் கடந்த பருவத்தில் ஈட்டிய பெறுபேறுகள் நிகழ்தகவுகளாக அதில் எழுதப்பட்டிருக்கும். மூன்று கட்டைகள் உருட்டப்படும். முதற் கட்டையில் 1 முதல் 3 வரை விழுந்தால் அடிப்பவனின் அட்டையும், 4 முதல் 6 வரை விழுந்தால் எறிபவனின் அட்டையும் பார்க்கப்படும். மற்றிரு கட்டைகளின் கூட்டுத்தொகை முடிவைத் தரும். இரு கட்டைகள் விழக்கூடிய 36 வகைகளில் ஏழு ஆறு வகையாக வரும். இரண்டோ ஒரு வகையாக மாத்திரமே வரும். எனவே ஏழுக்கு எதிரே எழுதப்பட்ட செயல், இரண்டுக்கு எதிரே எழுதப்பட்டதைவிட ஆறு மடங்கு நிகழும். தற்செயலும் திறமையும் இவ்வாறு ஒருங்கே இயங்குகின்றன.

இவ்விளையாட்டு பொழுதுபோக்கு என்னும் எல்லையைக் கடந்தது 1981இலாகும். அவ்வாண்டு ஜூன் 12ஆம் திகதி வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 713 ஆட்டங்கள் நடைபெறாது போயின. இரு சங்கங்களின் சிறந்த வீரர்கள் மோதும் ஆட்டம் ஜூலை 14ஆம் திகதி கிளீவ்லாந்து நகரில் நடைபெறவிருந்தது. அந்நாளில், வெறுமையாகக் கிடந்த அம்மைதானத்திலேயே அவ்வாட்டம் கட்டைகளையும் அட்டைகளையும் கொண்டு ஆடிக் காட்டப்பட்டது. உண்மையான ஆட்டம் ஓகஸ்ட் 9ஆம் திகதி நடைபெற்று, தேசியச் சங்கம் 5க்கு 4 என வென்றது.

அப்பருவத்தைக் காக்க நிருவாகிகள் கையாண்ட வழியும் நோக்கற்பாலது. பருவத்தை இரு பாதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியின் வெற்றியாளருக்கும் அடுத்த கட்டத்தில் இடமளித்தனர். இதன் விளைவாக, 66 வெற்றி 42 தோல்வி என அனைத்துக் கழகங்களிலும் சிறந்த பெறுபேற்றைக் கொண்டிருந்த சின்சினாட்டி வெளியேற்றப்பட்டது. இரண்டாம் பாதியில் முந்திய மொன்றியல் உள்ளே வந்தது. கட்டைகளின் தீர்ப்பு மட்டுமன்று, மனிதர் வகுத்த தீர்ப்பும் ஒரு வகைக் கற்பனையே என்பதற்கு இது சான்றாகும்.

1994ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் இதனினும் கொடியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி தொடங்கிய அது பருவம் முழுவதையும் விழுங்கிற்று. செப்டெம்பர் 14ஆம் திகதி எஞ்சிய ஆட்டங்கள் யாவும் கைவிடப்பட்டன. 1904க்குப் பின்னர் உலகத் தொடர் நடைபெறாத முதல் ஆண்டு அதுவே. அப்போது மொன்றியல் 74 வெற்றி 40 தோல்வியுடன் எல்லோருக்கும் முன்னணியில் நின்றது. சான்டியாகோ அணியின் டோனி குவின் 419 வாய்ப்புகளில் 165 முறை வெற்றிகரமாக அடித்து 0.394 என்னும் சராசரியைப் பெற்றிருந்தார். 1941இல் டெட் வில்லியம்ஸ் 0.406 பெற்றதன் பின்னர் எவரும் 0.400ஐ எட்டியதில்லை. குவின் எட்டியிருப்பாரா?

இதனைக் கணித்துப் பார்க்கலாம். அவருக்கு மேலும் 170 வாய்ப்புகள் கிடைத்திருக்கும் எனக் கொள்வோம். 0.400ஐ எட்ட அவற்றுள் 71 வெற்றிகள் வேண்டும். அவரது உண்மைத் திறமை அவ்வாண்டுச் சராசரியாகிய 0.394 என அட்டையில் எழுதினால், எட்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 29. வாழ்நாட் சராசரியாகிய 0.338ஐ எழுதினாலோ நூற்றுக்கு ஏறக்குறைய 2 மட்டுமே. உருட்டப்படும் கட்டைகள் ஒன்றே. அட்டையில் எழுதப்பட்டதே வேறு. பதினைந்து மடங்குக்கும் அதிகமான இவ்வேறுபாடு தற்செயலிலிருந்து பிறந்ததன்று. அட்டையை எழுதியவனின் முடிவிலிருந்து பிறந்தது. விடை உருட்டும் கையில் இல்லை, எழுதும் கையிலேயே இருக்கிறது. வரலாற்று மாணவன் மனங்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

நம் நாட்டு இரசிகருக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பின் பின்னர் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. புள்ளிகள் இலங்கைக்கு வழங்கப்பட்டன. மார்ச் 13ஆம் திகதி கல்கத்தாவில் நடந்த அரையிறுதியில், 252 ஓட்டங்களை நோக்கி ஆடிய இந்தியா 8 விக்கெட்டுகளை இழந்து 120 ஓட்டங்களுடன் நின்றவேளை பார்வையாளரின் குழப்பத்தால் ஆட்டம் நிறுத்தப்பட்டு, வெற்றி இலங்கைக்கு அளிக்கப்பட்டது. எஞ்சிய 95 பந்துகளையும் எத்தனை முறை மேசையில் ஆடினும் இந்தியா 132 ஓட்டங்களை எடுப்பது அரிதினும் அரிதே. எனினும், ஆடாது பெற்ற அப்புள்ளிகளின் குறை தீர்ந்தது மத்தியஸ்தரின் தீர்ப்பாலன்று. மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டுகளால் வென்ற மெய்யான ஆட்டத்தாலாகும்.

மழையால் தடைப்படும் ஆட்டங்களுக்கென டக்வர்த், லூயிஸ் ஆகிய ஆங்கிலேயர் இருவர் வகுத்த முறை 1997 ஜனவரி முதலாந் திகதி முதன்முதல் கையாளப்பட்டது. எஞ்சிய ஓவர்களையும் விக்கெட்டுகளையும் அணியின் வளங்களாகக் கொண்டு, பழைய ஆட்டங்களின் புள்ளிவிபரத்திலிருந்து இலக்கை அது கணிக்கிறது. இதுவும் ஒருவகை அட்டையே. ஆயின் ஒரு வேறுபாடுண்டு: ஆட்டம் தொடங்குமுன் இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட விதி அது. ஆட்டம் கலைந்த பின்னர் தனியொருவன் உருட்டும் கட்டைக்கு அவ்வதிகாரம் இல்லை.

மேலும், கட்டைகள் ஆட்டத்தை முடித்துவைக்குமேயன்றி அதன் விளைவுகளை ஏற்படுத்தமாட்டா. 1994இன் பருவத்தை மேசையில் ஆடிய எத்தனையோ இரசிகர் மொன்றியலுக்குக் கிண்ணம் அளித்திருக்கலாம். மெய்யுலகில் நிகழ்ந்ததோ வேறு. அடுத்த பருவத்துக்கு முன்னரே அக்கழகம் தன் முதன்மை வீரர் பலரை இழந்தது. 2004இன் பின்னர் கழகமே வொஷிங்டனுக்குப் பெயர்ந்தது. தன் மொன்றியல் வாழ்வில் அது இறுதிக்கட்டப் போட்டிகளில் ஆடியது ஒரேயொரு முறை. அதுவும், குறைப்பட்ட 1981ஆம் ஆண்டிலேயே. தடைப்பட்ட ஒரு பருவம் கொடுத்ததை இன்னொரு தடைப்பட்ட பருவம் பறித்துக்கொண்டது.

அக்கரைப்பற்று முதலாய கிழக்குக் கரையோர ஊர்களில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் விளையாட்டன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையும் இடைநடுவில் நிறுத்திய கல்விகள், தொழில்கள், வாழ்வுகள் எண்ணிறந்தன. “அது நேராதிருந்தால்” என்று தொடங்கும் பேச்சு நம் வீடுகளில் ஓய்வதில்லை. அப்பேச்சைத் தடுக்க வேண்டியதில்லை. அது இழப்பை அளக்கும் ஒரு வழி. ஆயின் வரலாறு எழுதுவோன் அவ்வினாவைக் கையிலெடுக்கும்போது, தன் அட்டையில் எதை, ஏன் எழுதினான் என்பதை முதலில் வெளிப்படுத்தல் வேண்டும். ஒரு விடையை அன்றி, விடைகளின் வீச்சைக் கூறல் வேண்டும். பெற்ற விடையை நிகழ்ச்சியாகப் பதிவுசெய்தல் ஆகாது.

பேஸ்போல் பதிவேடுகளில் 1994ஆம் ஆண்டுக்கு உலகத் தொடர் வெற்றியாளர் எவருமிலர். அவ்விடம் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. ஒரு பிணக்கு எவற்றையெல்லாம் அழித்தது என்பதற்கு அவ்வெறுமையே சான்று. மேசையில் எத்தனை ஆட்டங்களும் ஆடலாம். அச்சான்றை அழியாது பேணுதல் வரலாற்று மாணவனின் கடமையாகும்.