உதிர்ந்த புட்டு

அப்பத்தாவின் சமையலை வைத்து ஒரு சின்ன கேம் பண்ணலாமென்று உட்கார்ந்தபோது முதலில் வரைந்தது புட்டுக் குழாயைத்தான். போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "இது மலையாளத்துக் குழாயில்லடா? நம்ம வீட்டுல எப்ப இது இருந்துச்சு?"

இருக்கவில்லைதான். எங்கள் மதுரை ஆரப்பாளையம் வீட்டில் இட்லிக் கொப்பரை மேல் ஈரத்துணி கட்டி, மாவைப் பரப்பி, மூடி அவிப்பதுதான் புட்டு. நான் வரைந்தது 'வெண்பா'வில் பார்த்த குழாய். டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு அது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்ப்பெண் ஒருத்தி, அம்மா கொடுத்த, பாதி அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி, புட்டு என்று அவித்துப் பார்ப்பாள். 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. அதைப் பார்த்த ஆசையில், வேறொரு வீட்டுப் பாத்திரத்தை எங்கள் அடுப்பில் ஏற்றிவிட்டேன்.

புட்டுக்கு ஊருக்கொரு பாத்திரம். யாழ்ப்பாணத்தில் பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டி. மேற்குப் பக்கம் மூங்கில், சிரட்டை. பண்டம் என்னவோ பழசு. சிலப்பதிகாரத்தில் புகார்க் கடற்கரையில் இரவில் விளக்கேற்றி விற்கும் காழியர் வருகிறார்கள். பிட்டு வாணிகர் என்கிறார்கள் உரைகாரர்கள். மதுரைக்காரனுக்கு மட்டும் அந்தக் கணக்கெல்லாம் பிட்டு விற்ற வந்திக் கிழவியிலிருந்துதான் தொடங்கும்.

குழாயை அழித்துவிட்டுக் கொப்பரையை வரைந்தேன். அடுத்த சிக்கல் தண்ணீர். "ஒரு படி மாவுக்கு எவ்வளவு அப்பத்தா?" "புது அரிசியா, பழசா?" பழைய அரிசி தண்ணீரை இழுக்கும், புதுசுக்குக் கொஞ்சம் கூடினாலும் களியாகிவிடும். வறுத்த மாவில் உப்புத் தண்ணீரைத் தெளித்துப் பிசறுவாள். பிசைவதில்லை, பிசறுவது. பிறகு ஒரு பிடி எடுத்து இறுக்கிக் கையை விரிப்பாள். கொழுக்கட்டை போல நிற்கும். கட்டைவிரலால் லேசாகத் தொட்டால் பொலபொலவென்று உதிரும். அதுதான் பதம். கட்டி விழுந்தால் சல்லடை. ஈரம் பற்றாவிட்டால் அவிந்த பிறகும் நாக்கில் மாவு ஒட்டும். சமையல் குறிப்பு எழுதுகிறவனுக்குச் சரியாக வரும் வழி ஒன்று போதும். கேம் எழுதுகிறவனுக்குக் கெட்டுப்போகும் வழி அத்தனையும் வேண்டும். அவளிடம் அந்தப் பட்டியல் நீளம். ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. தண்ணீரை டம்ளர் அளவில் வைத்திருந்ததை எடுத்துவிட்டு, அரிசியின் வயதை விளையாடுகிறவருக்குக் காட்டாத எண்ணாக வைத்தேன்.

கேமின் கடைசிக் கட்டத்துக்கு வந்தியின் கதையை எடுத்துக்கொண்டேன். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடலில் 61ஆவது, மண் சுமந்த படலம். மண் சுமந்து கூலி கொண்ட கதை அதற்கு வெகுகாலம் முந்திய திருவாசகத்திலேயே உண்டு. வைகை கரையை உடைக்கிறது; வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வேண்டும்; பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவிக்கு ஆளில்லை. கூலியாளாக வந்த சிவன் பிட்டையே கூலியாகக் கேட்டு, வேலையைக் கிடப்பில் போட்டுப் பாண்டியனிடம் பிரம்படி வாங்குகிறார். அடி அத்தனை உயிர் முதுகிலும் விழுகிறது. அதன் நினைவாக ஆவணி மூலத்தில் இன்றும் சாமியும் அம்மனும் புட்டுத்தோப்புக்கு வருகிறார்கள். திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும்கூட வந்துவிடுவார்கள். கூட்டத்தில் அப்பத்தா தோளில் உட்கார்ந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. சாமியைவிட, அவள் முந்தானை முடிச்சில் இருந்த புட்டு.

அவள் சொல்லும் கதையில் ஒரு கூடுதல் சங்கதி: உதிர்ந்த புட்டு மட்டும்தான் கூலி என்று பேச்சு. அன்றைக்குப் பார்த்து வந்தி அவித்த புட்டெல்லாம் உதிர்ந்துபோனது. அதையே கட்டமாக வைத்தேன். எவ்வளவு பதமாகப் பிசறினாலும் உதிரும்.

விளையாடிப் பார்க்கக் கொடுத்த நண்பன் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். "எல்லாம் சரியாத்தான்டா பண்றேன். கடைசிக் கட்டத்துல மட்டும் உதிர்ந்துக்கிட்டே இருக்கு. எங்கேயோ பக் இருக்கு, பாரு."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா, பாயைத் தட்டிப் போட்டபடியே சொன்னாள்: "உதிராமப் போனா அந்தக் கூலிக்காரன் பட்டினில்ல கெடப்பான்?"