கிதார் சேனை – 7: யாரும் மீட்டாத சுரம்

1976 மே மாதம், நியூயார்க்கின் சிபிஜிபி கிளப் வாசலில் ரைஸ் சாத்தமைச் சென்ற வாரம் நிறுத்திவிட்டு வந்தோம். உள்ளே மேடையில் ரமோன்ஸ் குழு. சாத்தமுக்கு அப்போது வயது 23, ஹார்ப்சிகார்டுக்கும் பியானோவுக்கும் சுருதி சேர்த்துப் பிழைத்தவர், இசையமைப்பாளர் லா மான்ட் யங்கிடம் பாடம் கேட்டவர். ஒரே சுருதியை நெடுநேரம் நீட்டி, அதற்குள் என்னென்ன ஒலிக்கிறது என்று கூர்ந்து கேட்கும் வழி யங்குடையது. ரமோன்ஸ் வாசித்ததோ இரண்டு மூன்று கார்டுகள்தான், காது பிளக்கும் சத்தத்தில். இந்த முரட்டு இசையும் தன்னுடையதும் ஒரே ரத்தம் என்று சாத்தமுக்கு அன்றே புரிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு சாத்தமின் 'கிதார் ட்ரையோ' என்ற இசைப்படைப்பு பிறந்தது. அதில் ராகம் தேடுபவர் ஏமாந்துபோவார். ஒரே கார்டு, அதையே விடாமல் அடிக்கிறார்கள். ஆனால் சில நிமிடங்களில் ஒரு விந்தை நடக்கிறது. நல்ல தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்குமே, அதுபோல இங்கும் கம்பிகளுக்கு மேலே வேறு சுரங்கள் எழும்புகின்றன. மின்சாரக் கிதாரின் இரைச்சல் அந்த மேல்சுரங்களை ஊதிப் பெரிதாக்குகிறது. சத்தம் இங்கே ஆர்ப்பாட்டத்துக்காக அல்ல. சத்தம் குறைந்தால் அந்தச் சுரங்களும் போய்விடும்.

'கிதார் ட்ரையோ'வை வாசித்த சாத்தமின் குழுவில் கிதார் பிடித்த ஒருவர் இதைக் கேட்டுத் தூக்கம் இழந்தார். க்ளென் பிராங்கா, பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்கில் பிறந்தவர். நாடகக்காரராக நியூயார்க் வந்தவருக்கு இசைக் கல்லூரிப் படிப்பு கிடையாது. அவர் கிதாரின் வழக்கமான சுருதியையே கலைத்தார். பல கம்பிகளை ஒரே சுரத்துக்கு முறுக்கினார். 1981இல் வந்த 'தி அசென்ஷன்' இசைத்தட்டில் நான்கு கிதார், ஒரு பேஸ், டிரம்ஸ் அவ்வளவுதான். கேட்டால் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் பித்தளைக் குழல்கள் முழங்குவது போலிருக்கும். இந்தத் தொடரில் வரும் தட்டுகளில் ஒன்றை மட்டும் கேட்க நேரம் உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அதில் வாசித்த லீ ரனால்டோவும், பிராங்காவின் சிம்பொனிகளில் வாசித்த தர்ஸ்டன் மூரும்தான் பின்னாளில் சோனிக் யூத் குழுவாக உலகைச் சுற்றியவர்கள்.

1982. சிகாகோவில் 'நியூ மியூசிக் அமெரிக்கா' விழா. பிராங்கா கிதார்களோடு மேடை ஏறினார். கேட்க வந்தவர்களில் ஜான் கேஜும் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பியானோ கலைஞரை வாசிக்காமல் உட்காரவைத்து, அரங்கின் இருமலும் மழையும்கூட இசைதான் என்று நிலைநாட்டியவர். எந்த ஒலியையும் விலக்காத அந்த மனிதர் பிராங்காவின் இசையால் நிம்மதி இழந்தார். பிறகு, பெல்ஜிய இசையமைப்பாளர் விம் மெர்டென்ஸ் நீட்டிய ஒலிப்பதிவுக் கருவியின் முன் பேச உட்கார்ந்தார்.

அன்று கேஜ் பதிவுசெய்த குற்றச்சாட்டு இசையைப் பற்றியதல்ல, அரசியலைப் பற்றியது. பிராங்காவை வாழ்நாள் முழுதும் துரத்திய அந்தச் சொல் அடுத்த வாரம்.

(தொடரும்)