டாலி பிடித்த கை

ரிவிட்டை ஐஸ் பெட்டியில் வைப்பார்கள் என்று அப்பா சொன்னபோது, கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு நானே பெங்களூரின் பீன்யாவில் தகட்டுப் பட்டறை போட்டு அலுமினியத்தோடு மாரடித்தபோதுதான் விளங்கியது. விமானத் தகடுகளைப் பிணைக்கும் சில கலவை ரிவிட்டுகளைச் சூடேற்றித் தண்ணீரில் தோய்த்தால் கொஞ்ச நேரம் இளகலாக இருக்கும். விட்டுவிட்டால் தானாக இறுகிப்போகும். குளிரில் கிடந்தால் அந்த இறுக்கம் தள்ளிப்போகும். வெளியே எடுத்ததும் மளமளவென்று அடித்து முடித்துவிட வேண்டும்.

அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையில் ரிவிட் அடிக்கும் கன். தகட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர், டாலி என்கிற இரும்புக் கட்டியை ரிவிட்டின் வாலில் அழுத்திப் பிடித்திருப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சத்தத்தில் பேச்சும் எடுபடாது. தட்டுத்தான் பாஷை. ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு என்றால் சரி, அடுத்தது. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, பிடுங்கு. அப்பா டாலி பிடித்தவர். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து 1949இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் சேர்ந்தார். எங்கள் வீட்டில் அதற்கு 'ஃபேக்டரி' என்றுதான் பெயர்.

அது பெங்களூருக்கு வந்ததே மைசூர் சமஸ்தானம் கட்டிய ஒரு பந்தயத்தால். பம்பாய் முதலாளி வால்சந்த் ஹீராசந்த், சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்திய அமெரிக்கர் வில்லியம் பாலியை 1939இல் ஒரு பயணத்தில் சந்தித்தார். இங்கேயும் ஒன்று தொடங்கலாமே என்று பேச்சு வளர்ந்தது. மைசூர் திவான் மிர்ஸா இஸ்மாயில் 700 ஏக்கர் நிலம் கொடுத்தார்; சமஸ்தானமும் பங்கு போட்டது. 1940 டிசம்பர் 23 அன்று கம்பெனி பதிவானது. கண்ணை மூடிக்கொண்டு கட்டிய பந்தயம் அல்ல அது. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோன ராஜ்யம் மைசூர். பத்ராவதியில் இரும்பாலை ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூர் நகரத்துக்குள்ளேயே டாடா இன்ஸ்டிட்யூட் என்கிற அறிவியல் கழகம் இருந்தது.

1941இல் இந்திய அரசும் மூன்றில் ஒரு பங்குக்கு உள்ளே வந்தது. அடுத்த ஆண்டு, ஜப்பான்காரன் வந்துவிடுவானோ என்ற பீதி நாடெங்கும் இருந்த ஏப்ரலில், வால்சந்தின் பங்கை அரசே வாங்கிக்கொண்டது. மைசூரின் பங்கையும் கேட்டார்கள். நிர்வாகத்தை விட்டுக்கொடுத்த சமஸ்தானம் பங்கை மட்டும் விற்க மாட்டேன் என்றது. இந்த வரலாற்றிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாலும் பட்டாவைப் பெட்டியில் பூட்டி வைக்கிற குடியானவன் புத்தி.

1943இல் அமெரிக்க விமானப்படை வந்து, போரில் அடிபட்ட விமானங்களைப் பழுதுபார்க்கும் இடமாக ஃபேக்டரியை மாற்றியது. கடல் விமானங்களான கேட்டலினாக்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கின. பிற்காலத்தில் அதே ஏரியில் ஆளுயரத்துக்கு நுரை மிதந்ததைப் பார்த்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் போய்விட்டார்கள், வேலையும் வற்றியது. புத்தகங்களில் இதற்குப் பிறகு வருவதெல்லாம் விமானக் கணக்குத்தான்: பொறியாளர் காட்டகே வடிவமைத்து 1951இல் பறந்த எச்.டி.2 பயிற்சி விமானம், ஜெர்மானியர் குர்ட் டாங்க் வந்து உருவாக்கி 1961இல் பறந்த மாருத் போர் விமானம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் வருஷம் முழுக்கச் சம்பளம் போட அது மட்டும் போதாது. ஃபேக்டரி ரயில் பெட்டி கட்டியது, பஸ்ஸுக்கு பாடி கட்டியது. விமானம் செய்யப் பழகிய கைகள் ஜோலார்பேட்டை பாசஞ்சருக்கும் உதவின என்பதைப் பெருமைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ராஜ்யத்துக்குக் கிடைத்த லாபம் அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. 1964இல் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்று பெயர் மாறியது. அதே ஆண்டு பிறந்த பி.இ.எம்.எல். என்ற அரசு நிறுவனம் ரயில் பெட்டி வேலையைத் தன்னோடு எடுத்துப்போனது.

1981இல் நான் பட்டறை தொடங்கியபோது எனக்குக் கிடைத்த முதல் மேஸ்திரி, ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கேலைத் தொடமாட்டார். தகட்டின் விளிம்பில் விரலை ஓட்டிவிட்டு, "தம்பி, இந்த ஓரம் அரை மில்லி ஏறி நிக்குது" என்பார். அளந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்தது விமானம் அல்ல, ஆஸ்பத்திரி டிராலி. பீன்யாவில் அந்நாளில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் இப்படி ஒரு பெரியவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

சின்ன வயதில் லீவுக்கு ஆம்பூர் போவோம். ரயிலில் ஏறியதும் அம்மா ஜன்னலோர இடம் தேடுவாள். அப்பா பெட்டியின் தகட்டைத் தேடுவார், கட்டிய கம்பெனியின் பெயர் பொறித்திருக்குமே, அதை. அது ஃபேக்டரிப் பெட்டியாக இருந்துவிட்டால் பையைக் கீழே வைத்துவிட்டு, கதவோரச் சுவரை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டிவிட்டு வந்து உட்காருவார்.