ஸ்பாஞ்சுக்கு அடியில் 12 உருண்டைகள்

பாசிர் கூடாங்கில் யாருக்காவது புற்றுநோய் என்றால், அரசாங்க ஆஸ்பத்திரியை நம்புகிறவர்கள் பெரும்பாலும் ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குத்தான் போய்வருகிறார்கள். கீமோ சில சுற்று ஆனதும் சிடி ஸ்கேன். வீடு திரும்பினால் அக்கம்பக்கத்தில் கேட்பது ஒன்றுதான்: "கட்டி சுருங்கிருச்சா?" ரிப்போர்ட்டில் 'பார்ஷியல் ரெஸ்போன்ஸ்' என்றோ 'ஸ்டேபிள் டிசீஸ்' என்றோ இருக்கும். மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்ற முடிவில் அந்த இரண்டு வார்த்தைக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டியின் நீளம் 30 சதவீதம் குறைந்திருந்தால் முதலாவது. அதென்ன முப்பது?

ஸ்கேன் பரவலாகாத காலத்தில் மருத்துவர்கள் கட்டியைக் கையால் தடவித்தான் அளந்தார்கள். அந்தக் கையை எவ்வளவு நம்பலாம் என்று அமெரிக்காவில் சார்லஸ் மோர்டலும் ஜேம்ஸ் ஹான்லியும் சோதித்துப் பார்த்து, 1976இல் முடிவை வெளியிட்டார்கள். மெத்தைமேல் 12 உருண்டைகள், அவற்றை மூடி ஒரு ஸ்பாஞ்சு. அனுபவமுள்ள 16 புற்றுநோய் மருத்துவர்களைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார்கள். உருண்டைகள் வளரவுமில்லை, சுருங்கவுமில்லை. ஆனாலும் ஆளுக்கொரு அளவு! ஒரே ஆள் ஒரே அளவுள்ள இரண்டு உருண்டைகளைத் தொட்டபோதே கணக்கு மாறியது. கால்வாசி குறைந்தாலே வெற்றி என்று வைத்தால், பொய் வெற்றிகள் குவிந்தன. நீள அகலப் பெருக்கல் பாதியாகக் குறைய வேண்டும் என்றால், அவை நூற்றுக்குப் பத்துக்கும் கீழே வந்தன.

1979இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் விதியும் 'பாதி' என்றுதான் சொன்னது. 2000இல் வந்த ரெசிஸ்ட் விதி அகலத்தை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. 0.7ஐ 0.7ஆல் பெருக்கினால் 0.49, ஏறக்குறையப் பாதி. முப்பது வந்த வழி இதுதான். அது கட்டியின் குணத்தைவிட, அளக்கிறவரின் கைத்தடுமாற்றத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

சிக்கல் அதே 2000இல் தொடங்கியது. ஜிஸ்ட் என்கிற வயிற்றுக் கட்டிக்கு ஹெல்சிங்கியில் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக இமாட்டினிப் மாத்திரை கொடுத்தார்கள், நன்றாகவே கேட்டது. ஆனால் பிறகு அதே மாத்திரை சாப்பிட்ட பலரின் கட்டி சிடியில் அப்படியே கிடந்தது. சிலருக்கு உள்ளே ரத்தம் கசிந்து பெரிதாகவும் ஆனது. விதிப்படி மருந்து தோற்றுவிட்டது. உண்மையில் கட்டி செத்துக்கொண்டிருந்தது. பாசிர் கூடாங் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவருக்கு இது சட்டென்று விளங்கும்: கொள்கலனின் நீள அகலம் மாறாது, சரக்கு இறங்கியிருக்கும். வெளியே அளவுகோல் வைத்து என்ன பயன்?

ஹூஸ்டனில் ஹேசன் சோய் குழு 2007இல் புது விதி சொன்னது: நீளம் 10 சதவீதம் குறைந்தாலும் சரி, படத்தில் கட்டியின் அடர்த்தி 15 சதவீதம் குறைந்தாலும் சரி, மருந்து வேலை செய்கிறது.

அடர்த்தியோடு நிற்கவில்லை. 2012இல் பிலிப் லாம்பினும் கூட்டாளிகளும் 'ரேடியோமிக்ஸ்' என்ற பெயரில் படத்தின் சொரசொரப்பு, வடிவம், சாம்பல் நிறங்களின் பரவல் எல்லாவற்றையும் எண்ணாக்கச் சொன்னார்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அந்த எண்களை ஒப்பிடுவது 'டெல்டா ரேடியோமிக்ஸ்'. கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ஸ்பாஞ்சு மறுபடி வந்துவிட்டது. மெஷின் மாறினால், படத் துண்டின் தடிமன் மாறினால், ஊசியில் ஏற்றும் சாய மருந்துக்கும் படத்துக்கும் இடைவெளி மாறினால், நோய் மாறாமலே எண்கள் மாறுகின்றன. 169 எண்களுக்கு எல்லோருக்கும் பொதுவான கணக்குமுறை 2020இல்தான் வந்தது. அதுவும் கணக்குக்குத்தான், மெஷினுக்கு இல்லை.

முதல் ஸ்கேன் அரசாங்கத்தில், அடுத்தது அவசரத்துக்குத் தனியாரில் என்று எடுக்கிறவர்கள் உண்டு. "பழைய படம் இருக்கா? எந்த மெஷின்ல எடுத்தது?" என்று ஸ்கேன் அறையில் கேட்பது சும்மா இல்லை.